ஏழு சிவப்புப் புள்ளிகள்

என் அக்கா முப்பது வருடம் நீர்நாய்களின் பின்னால் அலைந்தாள். கல்யாணப் பேச்சு எடுத்து வந்தவர்களை, "அவ ஆத்துலயே குடித்தனம் நடத்துறா" என்று சொல்லி அம்மா அனுப்பிவிடுவாள். ஊரார் வைத்த பெயர் 'நாய் டாக்டர்'. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கரைப் பாறையில் கிடக்கும் மலத்தை முகர்ந்தே எத்தனை நாளானது என்று சொல்வாள். அதை டப்பாவில் அடைத்து, ஃப்ரிட்ஜில் பாலுக்குப் பக்கத்தில் வைத்தும் விடுவாள்.

அவள் குறிப்புகளைத் தட்டச்சு செய்வது என் வேலை. ஒருமுறை 'அந்த வளைவில் நீர்நாய் இல்லை' என்று அடித்துவிட்டேன். காகிதத்தைக் கிழித்தே போட்டாள்.

"இல்லைன்னு சொல்ல நீ யாருடா? உன் கண்ணுல படல, அவ்வளவுதான். 'காணவில்லை'ன்னு போடு."

ஆற்றின் அந்தப் பகுதியைக் காப்பிடமாக அறிவிக்கச் சொல்லிப் பதினோரு வருடம் வனத்துறை அலுவலகப் படி ஏறினாள். கடைசியில் ஆதாரம் கேட்டார்கள். குட்டி போட்டிருந்த ஏழு வளைகளையும் வரைபடத்தில் குறிக்கச் சொன்னாள் என்னிடம்.

"எடத்த இவ்வளவு துல்லியமா காட்டணுமாக்கா?"

"மழுப்புனா நம்ப மாட்டாங்கடா. இருக்குறத இருக்குற மாதிரி காட்டு."

பளிச்சென்று தெரியட்டும் என்று சிவப்பில் புள்ளி வைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கென்று அலுவலகம் இணையத்தில் போட்டது. தோலுக்காக வேட்டையாடுகிறவர்களும் பொதுமக்கள்தானே, அவர்களும் பார்த்தார்கள்.

அறிவிப்பு வந்த வாரம் ஏழு வளைகளுக்கும் போனோம். ஏழின் வாசலிலும் கம்பிக் கண்ணி கிடந்தது. ஒன்றின் உள்ளே, தாய் திரும்பாமல் செத்துப்போன மூன்று குட்டிகள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். உடைத்தது நாங்கள். அக்கா அழவில்லை, கண்ணிகளை ஒவ்வொன்றாகச் சுருட்டிப் பையில் போட்டாள்.

காப்பிடத்துக்கு அவளையே தலைவி ஆக்கினார்கள். நான்கு வருடம் வாரம் தவறாமல் படகில் போய் வந்தாள். நானும் வாரம் தவறாமல் 'காணவில்லை' என்று அடித்தேன். அந்த ஒரு வார்த்தையில்தான் நாங்கள் இருவரும் தொங்கிக்கொண்டிருந்தோம்.

போன திங்கட்கிழமை வழக்கம்போல அடித்து நீட்டினேன். அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். 'காணவில்லை'யின் குறுக்கே கோடு இழுத்து, மேலே 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

"அப்படிச் சொல்லக்கூடாதுன்னு நீதானேக்கா திட்டுன?"

"இருக்குற எடத்தச் சொன்னது நான்தானேடா. இல்லைங்கறதையும் நானே சொல்லிடறேன்."