டிரம் தண்ணீரும் டிராம்பே நண்டும்

ஞாயிறு காலை ஏழரைக்குத் தாராவியிலிருந்து கிளம்பினேன். சயான் வரை இருபது நிமிட நடை. அங்கிருந்து டிராம்பே பஸ், டிக்கெட் இருபது ரூபாய். தங்கச்சி செல்வி அங்கே இருக்கிறாள். ஏழு மாதக் கர்ப்பம். வாரத்தில் இரண்டு நாள் கழிமுகத்து நண்டில் ரசம் வைத்துக் குடிக்கிறாள். அதை நிறுத்தச் சொல்லத்தான் இந்தப் பயணம். போனில் சொன்னால் சிரித்துவிட்டு வைத்துவிடுவாள்.

என் வேலை பழைய டிவி, கம்ப்யூட்டர் கூடுகளை உடைத்துப் பிரிப்பது. துண்டை லைட்டரில் காட்டுவோம். பிடித்து எரிந்தால் ஒரு சாக்கு, எரியாமல் கருகினால் இன்னொரு சாக்கு. சந்தேகமிருந்தால் அரைத்து உப்புத் தண்ணீர் டிரம்மில் போடுவோம். எரியாத ரகம் கனம், அடியில் உட்கார்ந்துவிடும். தீப்பிடிக்காமலிருக்க அதில் மருந்து கலந்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரைப் பதினொரு வருஷமாகச் சாக்கடையில் ஊற்றுகிறேன். உப்புத் தண்ணீர்தானே, போவதும் உப்புக் கடலுக்குத்தானே என்று எங்கள் லைனில் எல்லோரும் சொல்வோம். எட்டாவதோடு நின்ற எனக்கு அது சரியாகவே பட்டது.

போன வாரம் சாக்கடைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப்போக ஒரு மாட்டுங்கா காலேஜ் பெண் வந்தார். தூளோடு மருந்தும் போய்ச் சேற்றில் தங்குமாம். தண்ணீரில் வெயில் பட்டு உடையுமாம். உடைந்தாலும் தீர்ந்துபோகாதாம். சின்னதாகி, சிலது முன்னைவிட மோசமாகி, நண்டு மீன் உடம்பில் சுலபமாக ஏறுமாம். வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று கேட்டேன்.

"ஆராய்ச்சி பண்றவா நல்லதில்லன்னுதான் சொல்றா. எவ்வளவு கெடுதின்னு என்னால சொல்ல முடியல."

அந்த 'எவ்வளவு' தெரியாததுதான் என்னைத் தின்கிறது.

எட்டேகால். பஸ்ஸில் ஜன்னலோர சீட். தாராவித் தண்ணீர் மேற்கே மாஹிமுக்குப் போகிறது, டிராம்பே கடல் கிழக்குப் பக்கம், இரண்டும் சேராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செம்பூர் தாண்டி எண்ணெய் ஆலைகளின் வாடை மூக்கில் ஏறும்வரை அந்த நிம்மதி இருந்தது.

ஒன்பது மணிக்கு இறங்கி நாலா என்கிற பெருஞ்சாக்கடை ஓரமாக நடந்தேன். ஒரு தகரக் கொட்டகை வாசலில் கறுப்பு டிவி கூடுகள் குவிந்து கிடந்தன. பக்கத்தில் நீல டிரம், என்னுடையது போலவே. ஒருவர் அதைச் சாய்த்துக்கொண்டிருந்தார். அவர் யாரிடமோ தமிழில் பேசியது காதில் விழுந்தது, நின்று கேட்டேன்.

"இது எங்க பாய் போவுது?"

"எங்கிட்டுப் போவும்? உப்புத் தண்ணிதான பாய், கடலுக்குத்தான்."

நான் சொல்கிற அதே வார்த்தை. அவரிடம் எதைச் சொல்ல? தலையாட்டிவிட்டு நடந்தேன்.

செல்வி வீட்டில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. வந்த காரியத்தைச் சொன்னேன்.

"இதுக்கா பஸ் ஏறி வந்தே? உக்கார சீட்டு கெடைச்சாலே பஸ்ஸுக்கு ஏதோ கோளாறுன்னு பயப்படுத ஆளுல்லா நீ."

கொட்டகையில் பார்த்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. அடுப்பை அணைத்தாள்.

"சரிண்ணே, நான் விட்டுருதேன். உன் தண்ணி எங்க போவுது?"

"மாஹிம் பக்கம்."

"அங்க யாரும் நண்டு திங்க மாட்டாவளோ?"

சட்டியைத் தூக்கி வாசல் சாக்கடையில் கவிழ்த்தாள். அதுவும் கடலுக்குத்தான் போகிறது. மோர் விட்டுச் சாப்பிட்டோம்.

இரண்டு மணி பஸ்ஸில் திரும்பினேன். நின்றுகொண்டே வந்தேன். டிராம்பேக்கும் தாராவிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே கடல் கண்ணுக்குத் தெரிகிறது, எங்களுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமைத் தண்ணீர் டிரம்மில் அப்படியே நிற்கிறது. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன். வேறு எங்கே ஊற்றுவது என்று லைனில் மூன்று பேரிடம் கேட்டாயிற்று. மூன்று பேரும் சாக்கடையைத்தான் காட்டினார்கள். நாளைக் காலை உடைக்க அடுத்த லோடு மால் வந்து இறங்கும், டிரம் காலியாக வேண்டும். மாஹிமில் ஏழு மாத வயிற்றோடு இருப்பவள் யார் என்று எனக்குத் தெரியாது. பஸ் ஏறிப் போய்ச் சொல்ல அவளுக்கு ஓர் அண்ணன் இருக்கிறானா என்பதும் தெரியாது.