விளக்கு வைத்த நேரத்துக் கேள்விகள்

"எல்லாம் நல்லா இருக்கோம் லா, ஒரு கொறையும் இல்ல" என்று அந்த அக்கா சொன்னபோது, அவர் கணவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சாமி படத்துக்கு முன்னால் அப்போதுதான் விளக்கு ஏற்றியிருந்தார்கள். எண்பதுகளின் தொடக்கம். கிள்ளானில் ஒரு பலகை வீட்டு வரிசை. வேலை செய்த ரப்பர் தோட்டத்தை முதலாளி விற்றுவிட்டதால் வெளியேற்றப்பட்ட குடும்பங்களை லோரியில் ஏற்றி அங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அவர்களுடைய உடலும் மனமும் எப்படி இருக்கின்றன என்று கேட்டு எழுதுவது என் வேலை.

ஆய்வை நடத்தியவர் எங்கள் மேடம். யாழ்ப்பாணத் தமிழர், தலைநகரில் பிரிக்பீல்ட்ஸ்காரர். ஆய்வைப் பார்த்துத்தான் அங்கே நடமாடும் கிளினிக்கை அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். பெண்கள் ஃபேக்டரி பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்பதால், அந்த நேரத்தையே மேடம் எங்களுக்குக் குறித்துக் கொடுத்திருந்தார். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் கிடைத்தது. அறிக்கை மேலிடத்துக்குப் போன பிறகு, ஒருநாள் தம் வீட்டில் விளக்கேற்றும்போதுதான் அவருக்கு உறைத்ததாம். "விளக்கு வைச்ச நேரத்திலை ஆர், பிள்ளை, நோய் வருத்தத்தைப் பற்றிக் கதைப்பினம்? நானும் அப்பிடி வளர்ந்தவள்தானே!" என்று மறுநாள் தலையில் அடித்துக்கொண்டார். தம் படிப்பையே அவர் திட்டித் தீர்த்ததைக் கேட்க எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் போனோம். துணி அலசிக்கொண்டிருந்த அதே அக்கா, கேட்பதற்கு முன்பே கொட்டித் தீர்த்தார். "லோரி சத்தம் கேட்டா போதும்மா, இவரு துணிமணிய மூட்ட கட்டிக்கிட்டு வாசல்ல வந்து நின்னுருவாரு. மறுபடியும் ஏத்திட்டுப் போக வந்துட்டாங்களாம். டாக்டருகிட்ட கூப்பிட்டா பஸ்ஸே ஏற மாட்டேங்கிறாரு லா." மற்ற வீடுகளிலும் இப்படி ஏதாவது ஒன்று இருந்தது.

பிறகு நடந்ததெல்லாம் வெறும் அலைச்சல். "நல்லா இருக்கோம்னு அவங்களே சொல்லியிருக்காங்களே மேடம்" என்று சுகாதார இலாகா அதிகாரி முதல் அறிக்கையைத் தட்டிக் காட்டுவார். மேடம் வாதாடினார், கெஞ்சினார், கத்தினார். கிளினிக் வருவதற்குள் அவருக்கே ரத்தக் கொதிப்பு வந்துவிட்டது. இன்று அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். ஆய்வு செய்ய வரும் பிள்ளைகள் இப்போதும் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். எனக்குப் பேசவே அலுப்பாக இருக்கிறது. அந்த ஒரு காலைதான் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது.

ஒருவழியாகக் கிளினிக் வந்த காலை அது. பெரிய வெள்ளை வண்டி, மண் பாதையில் உறுமிக்கொண்டு ஏறி வந்து நின்றது. மேடத்தின் முகத்தில் வெகுநாளாகக் காணாத சிரிப்பு. அக்காவின் கணவர் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையோடு, மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். நேராக மேடத்திடம் வந்து கேட்டார்:

"இந்தத் தடவ எங்க ஏத்திட்டுப் போறீங்கம்மா?"