கடல் முள்ளெலியைப் பார்க்கப் போன நாள்

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு இரண்டு வருஷத்துக்கு முன், பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் இயற்கைப் பாடம் நடத்திவந்தேன். எங்கள் அலமாரியில் கடல் முள்ளெலியின் ஓடு ஒன்று இருந்தது. முள்ளெல்லாம் எப்போதோ உதிர்ந்துபோயிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இதற்கு முள் உண்டு, அது அசையும்" என்று வருஷாவருஷம் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. உயிரோடு ஒன்றைப் பார்த்துவிடுவதென்று கோடை விடுமுறையில் வண்டி கட்டிக்கொண்டு காயல்பட்டினம் போனேன்.

சங்கு குளிக்கும் ஒருவர் அழைத்துப்போக ஒப்புக்கொண்டார். நாற்பது வயதிருக்கும். அவர் மூழ்கும்போது கயிறு பிடிப்பவர் அவருடைய மச்சினர். மூவரும் வள்ளத்தில் ஏறி, கடலடிப் பாறைத்திட்டு ஒன்றுக்குமேல் போய் நின்றோம்.

அடியில் கண்ணாடி பதித்த மரப்பெட்டி ஒன்றைத் தச்சரிடம் செய்து வாங்கியிருந்தேன். அதைத் தண்ணீரில் அழுத்திக் குனிந்து பார்த்தேன். பாறை இடுக்குகளில் கறுப்புக் கறுப்பாக நீள முட்கள் தெரிந்தன. சங்கு குளிப்பவர் மூழ்கிப்போய், அவற்றின்மேல் நிழல் விழும்படி கையை வீசினார். முட்களெல்லாம் அந்தக் கைப் பக்கமாகத் திரும்பின.

மேலே வந்து, "பாத்தியளா? நிழல் விழுந்தா முள்ளத் திருப்பிரும். தொடாம இருந்தா அது பாட்டுக்குக் கெடக்கும்" என்றார்.

எனக்கு அது போதவில்லை. "நானும் இறங்குதேன் அண்ணாச்சி. தாமிரபரணியில நீஞ்சினவன்தான்" என்றேன்.

"ஆறு வேற ஐயா. இங்கன அலை ஆளத் தூக்கிப் பாறையில அடிச்சிரும்."

மூன்று தரம் மறுத்தார். நான் விடவில்லை. கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

வெறுங்கண்ணுக்கு எல்லாமே மங்கலாகத் தெரிந்தது. கறுப்புக் குவியல் ஒன்று என்னை நோக்கித் திரும்பியதும் பயந்து காலை உதறினேன். அந்நேரம் அலை என்னை அதன்மேல் தள்ளியது. யாரோ என் மார்பில் கைவைத்து ஒதுக்கித் தள்ளினார்கள்.

வள்ளத்தில் ஏறிய பிறகுதான் பார்த்தேன். எனக்கு முழங்காலில் ஒரு சிராய்ப்பு. என்னைத் தள்ளும்போது பாறையில் ஊன்றிய அவருடைய வலது உள்ளங்கையிலோ முட்கள் ஒடிந்து உள்ளேயே நின்றன. சுற்றிலும் நீலம் பாய்ந்திருந்தது. "கரைக்குப் போவோம்" என்றார். 

ஒரு மாதம் கழித்து மறுபடி போனேன். புண் ஆறியிருந்தது. ஆனால் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. இப்போது மச்சினர் சங்கு குளித்தார்; இவர் இடது கையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு மேலே உட்கார்ந்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்டபோது மச்சினர், "ஒங்க பாடத்துக்கு இது போதுமா வாத்தியாரே?" என்றார்.

"சும்மா இரு மச்சான்" என்று அடக்கிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். "நான்தானே கூட்டிட்டுப் போனேன். ஒங்களச் சொல்லி என்ன?"

வைதிருந்தால் தாங்கியிருப்பேன்.

பள்ளி திறந்ததும் நிழலுக்கு முள் திரும்புவதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஆசையாகக் கேட்டார்கள். அந்தக் கையைப் பற்றி அவர்களிடம் சொல்ல எனக்கு இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று.