மஞ்சள் சீடியின் கடைசிப் பாட்டு

போன கிழமை நோர்வேயின் தே-பானே சுரங்க ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது கைபேசியில் ஒரு செய்தி கண்ணில் பட்டது. ஒரு காலத்தில் எனக்கு உயிராய் இருந்த யப்பானியப் பையன்கள் ஐவரின் ஆல்பங்கள் எல்லாம் இணையத்துக்கு வந்துவிட்டனவாம். பையன்கள் என்கிறேன். அவர்களுக்கும் இப்போது நரைத்திருக்கும், குழுவைக் கலைத்துவிட்டு ஆளுக்கொரு வேலை பார்க்கிறார்கள். குழுவின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் எங்கிருந்தாவது ஒரு பழைய ரசிகை சண்டைக்கு வருவாள், அந்தச் சண்டைகளில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டு மஞ்சள் சீடியைத் தேடினேன். அட்டையில் மாம்பழ நிறம் இருந்ததால் எங்கள் வீட்டில் அந்த ஆல்பத்துக்கு அதுதான் பெயர். பாட்டுகள் வரிசையாக வந்தன. கடைசிப் பாட்டு மட்டும் இல்லை. முதல் பதிப்பில் மட்டும் கூடுதலாக வைத்த பாட்டு அது, அதைப் பிறகு யாரும் சீந்தவில்லை. எனக்கு வேண்டியதே அந்த ஒன்றுதான்.

மஞ்சள் சீடி என்றதும் எனக்கு முதலில் வருவது பாட்டு இல்லை, நல்லெண்ணெய் மணம். யப்பானில் இருந்து அது வந்து சேர்ந்தது நான் பெரியபிள்ளையான கிழமையில். அம்மா காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் தந்து, விழுங்கி முடியும்வரை இடுப்பில் கைவைத்துக்கொண்டு முன்னால் நிற்பார். அந்த எண்ணெய்க் கையோடு சீடிக்குள் இருந்த சிறு புத்தகத்தைப் புரட்டினேன். புது மையும் நல்லெண்ணெயும் கலந்த அந்த மணத்தை இப்போது நினைத்தாலும் பாதி சந்தோசம், பாதி குமட்டல்.

உலகம் அந்த ஆல்பத்தை வரவேற்ற விதத்தைக் கேட்டால் உங்களுக்குப் பாவமாய் இருக்கும். முந்திய ஆல்பங்களில் மழை, பிரிவு, ரயில் நிலையம் என்று எங்களை அழவைத்தவர்கள், இதில் ட்ரம்பெட்டும் கைதட்டலுமாகக் குதித்தார்கள். விமர்சகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். ரசிகைகளின் இணையக் களத்தில் இது யாருக்காகச் செய்த ஆல்பம் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பிரேசிலில் இருந்த லூசியா என்பவள், கடைசிப் பாட்டைக் கேட்டு வீட்டு நாய் கட்டிலுக்குக் கீழே ஒளித்துக்கொண்டது என்று எழுதினாள். நான் என்னுடைய ஓட்டை ஆங்கிலத்தில் அவளோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டினேன். வகுப்பில் என் பக்கம் நின்றது என் தோழி சில்யே மட்டும்தான்.

இந்த நேரத்தில்தான் என் சாமத்திய வீட்டுக்கு, பூப்புனித நீராட்டு விழாவுக்கு, நாள் குறித்தார்கள். கோடை விடுமுறையில் ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபம். சேலை, அட்டியல், பல்லக்கு, வீடியோ எல்லாம் முடிவாகியிருந்தன. சில்யேயும் வகுப்புப் பிள்ளைகளும் வருவார்கள். அவர்கள் முன்னால் பல்லக்கில் ஏறி வருவதை நினைக்கவே எனக்குக் காது சுட்டது. ஃப்ளௌட், ஃப்ளௌட் என்று வீட்டுக்குள் அழுதுகொண்டு திரிந்தேன். பதின்மூன்று வயதில் இங்கே பிள்ளைகள் வெட்கத்தை நோர்வே மொழியில்தான் படுவார்கள். இது உன்னுடைய நாள், உன்னுடைய நாள் என்று எல்லாரும் சொன்னார்கள். அப்படியென்றால் அதில் என்னுடையது ஒன்றாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். கடைசிப் பாட்டைப் போட்டால் பல்லக்கில் ஏறுகிறேன், இல்லையென்றால் இல்லை என்றேன்.

"யப்பான்காரன் கத்தக் கத்த நீ பல்லக்கிலை வாறதோ? சனம் சிரிக்கும்," என்றார் அம்மா. "நாதஸ்வரந்தான். வேறை கதை இல்லை." அப்பா குப்பை போடப் போவதாகச் சொல்லி வெளியே போனார். அன்றைக்கு எங்கள் வீட்டில் குப்பை மூன்று முறை போடப்பட்டது.

அம்மாவின் தம்பி, என் மாமா, லில்லெஸ்ட்ரோமில் இருந்தார். விழாக்களுக்கு ஒலிபெருக்கி போடுவதும் அவர்தான். அவருடைய வான் வண்டிக்குள் இருந்து அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். மாமா கண்ணை மூடிக் கேட்டார். கொஞ்சத்தால் அவருடைய விரல்கள் ஸ்டியரிங்கில் தட்டத் தொடங்கின.

"இது எங்கடை பைலா எல்லே? இவங்களிட்டை எப்பிடிப் போனது?" என்றார். பைலா என்றால் எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் சனத்தை எழுப்பி ஆடவைக்கிற துள்ளல் பாட்டு.

மேலே வந்து அம்மாவிடம், "அக்கா, அண்டைக்குத் தண்ணி வாக்கிறது நான், தேங்காய் உடைக்கிறது நான். பாட்டும் நான்தான் போடுவன்," என்று சொல்லிவிட்டார். சாமத்திய வீட்டில் தாய்மாமன் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. அம்மா அதற்குப் பிறகு இரண்டு நாள் மாமாவோடு கதைக்கவில்லை, ஆனால் மறுத்தும் கதைக்கவில்லை.

அன்றைக்குக் கதவு திறந்தது. ட்ரம்பெட் முழங்கியது. மண்டபம் முழுவதும் கதவுப் பக்கம் திரும்பியது. சில்யேயின் பக்கம் பார்க்கவே பயமாய் இருந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் தொடையில் தாளம் போட்டார். அடுத்த வரிசை கைதட்டியது. பல்லக்குத் தூக்கிய மச்சான்மார் நாலு பேரும் ஆடத் தொடங்கியதில் பல்லக்கு குலுங்கியது, நான் இரண்டு பக்கமும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சில்யே கதிரையில் ஏறி நின்று யப்பானிய மொழியில் கூடப் பாடினாள். சனம் எழும்பி வீடியோக்காரருக்கு முன்னால் வந்துவிட, அம்மா ஆராத்தித் தட்டோடு நின்று பெருங்குரலில் சொன்னார்: "விலத்துங்கோ, விலத்துங்கோ, பிள்ளை மறையுது."

சாப்பாட்டு வரிசையில் ஒரு அன்ரி மாமாவைப் பிடித்துக்கொண்டார். "என்ன படம் தம்பி? இன்னும் வரேல்லையோ?"

மாமா முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், "தீபாவளிக்கு வருது அக்கா," என்றார்.

அவ்வளவுதான். அந்தக் கோடை முழுவதும் மஞ்சள் சீடி ஊர்வலம் போனது. ஹொல்ம்லியாவில் ஒரு பிறந்தநாள், லில்லெஸ்ட்ரோமில் தாலிக்கு ஒரு பொன்னுருக்கல், மன்னார்க் குடும்பமொன்றின் கல்யாண வரவேற்பு. வாங்கிப் போனவர்கள் பிரதி எடுத்தார்கள், பிரதியில் இருந்து வேறு பிரதி எடுத்தார்கள். ஒரு வீட்டில் சென்னையில் இருந்து வந்த பொறியாளர் ஒருவர், "இப்படி ஒரு படம் நான் கேள்விப்பட்டதே இல்லையே, சார்," என்று சொல்ல, "பாவம், இஞ்சை வந்து கனகாலமாப் போச்சுது, அவருக்குத் தெரியாது," என்று எங்களுடைய ஆட்கள் அவருக்காக வருத்தப்பட்டார்கள். யாருக்காகச் செய்த ஆல்பம் என்று உலகம் கேட்டதே, எனக்குப் பதில் தெரிந்திருந்தது. களத்தில் எழுதினேன், லூசியா நம்பவில்லை.

ஏதோ ஒரு விழாவில் குங்குமப் பொட்டு வாங்கிய சீடி, கடைசியில் ஒரு வீட்டில் தங்கிவிட்டது. எந்த வீடு என்று இன்றைக்கும் தெரியாது. கணினியில் ஏற்றி வைத்திருந்தேன். அந்தக் கணினியை அப்பா மீள்சுழற்சிக்குக் கொடுத்துவிட்டு வந்து, இப்போதுதான் வீட்டுக்குள் வெளிச்சம் வருகிறது என்று மகிழ்ந்தார். பிரதிகளும் ஒவ்வொன்றாய் அதே வழியில் போயின. சீடி போடுகிற வானும் இல்லை, அந்த மண்டபத்தையும் இடித்துவிட்டார்கள். யப்பானில் யாருடைய அலமாரியிலாவது பாட்டு இருக்கும்தான், என் கைக்கு எட்டவில்லை.

போன கிழமை, அந்தச் செய்தியைப் பார்த்த அன்று பின்னேரம் நேரே அம்மா வீட்டுக்குப் போனேன். சாமத்திய வீட்டு வீடியோவைத் தேடி எடுத்து, அந்தப் பாட்டு வருகிற பகுதியை மட்டும் வெட்டிப் பழைய களத்தில் போட்டேன். அங்கே இன்னும் பத்துப் பேராவது இருப்பார்கள் என்று நினைக்கவில்லை. இருந்தார்கள். மறுநாள் லூசியாவிடம் இருந்து ஒரு குரல்பதிவு வந்தது. அடுக்களையில் நின்று பாடியிருக்கிறாள், பின்னால் பாத்திரச் சத்தம். நடுவில், வீடியோவில் அம்மாவின் குரல் பாட்டை மூடுகிற அதே இடத்தில், சுருதி பிசகாமல் "விலத்துங்கோ விலத்துங்கோ பிள்ளை மறையுது" என்று பாடிவிட்டு மேலே போகிறாள். பாட்டின் வரி என்றே நினைத்துவிட்டாள்.

அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். "வடிவாத்தான் பாடுறாள்," என்றார், தன்னுடைய வரி என்று காட்டிக்கொள்ளாமல். நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

சரி, அந்த இடத்தில் உண்மையான வரி என்ன என்று லூசியாவுக்குச் சொல்லலாம் என்று பாடிப் பார்த்தேன். வரவில்லை. ஒரு காலத்தில் நித்திரையிலும் பாடிய பாட்டு. சில்யேயைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவளும் தொலைபேசியில் முதலில் இருந்து பாடிக்கொண்டு வந்தாள், அந்த இடத்துக்கு வந்ததும் அவள் வாயிலும் என் அம்மாதான் வந்தார்.