இரண்டாய்க் கழலும் வில்

1952ஆம் ஆண்டு மே மாதம் பதினேழாம் நாள், சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, செங்கற்பட்டுக் கடைத்தெருவில் எங்கள் கடையின் பின்கட்டில் ஒரு கான்வாஸ் பையின் வாரை அவிழ்த்தபோது எழுந்த வார்னிஷ் வாடையும் கடலுப்பின் ஈரமும் இன்றும் என் மூக்கை விட்டு அகலவில்லை. கோவளத்துப் பங்களாவைக் காலிசெய்து கப்பலேறிய ஒரு துரையின் தட்டுமுட்டுச் சாமான்களை என் தந்தை மொத்தமாக ஏலத்தில் எடுத்திருந்தார். நாற்காலிகளுக்கும் பீங்கான்களுக்கும் இடையே அந்தப் பையும் வந்து சேர்ந்தது. உள்ளே நான்கு மரத்துண்டுகள், இரண்டு சுருள் கயிறு, ஒரு கட்டு அம்பு. அந்த மரத்துண்டுகள் இரண்டு விற்கள் என்று கண்டுபிடித்தவள் நான். பயணத்தில் கொண்டுபோக வசதியாகக் கைப்பிடியின் நடுவே இரண்டாகக் கழற்றவும், ஒரு பாதியின் முனையை மற்றதன் பித்தளைக் குழலுக்குள் செருகிப் பூட்டவும் ஏற்ற வில் அது. கடையில் எல்லாரும் அதை "மடக்கு வில்லு" என்றார்கள். அது மடங்குவதன்று, கழலுவது. ஆனால் தவறான பெயரே நிலைத்தது.

எட்டாம் வகுப்பில் நான் தேறியிருந்த மகிழ்ச்சியில் இருந்த தந்தை, "ரெண்டுல ஒண்ண நீ எடுத்துக்க கண்ணு, இன்னொண்ண வித்துக்கலாம்" என்றார்.

கறுத்துப் பளபளத்த பெரிய வில்லையே எல்லாரும் கைகாட்டினார்கள். நான் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றையும் பூட்டிக் காதருகே வைத்து அசைத்தேன்; பெரியதன் குழலுக்குள் ஏதோ "டக்"கென்றது, கீறல் விழுந்து வெளுத்திருந்த சிறியதோ மூச்சுவிடவில்லை. கயிறு மாட்டி ஒற்றைக் கண்ணால் நோக்கினால், சிறியதில் அது இரு பாதிகளின் நடுவிலும் கோடு கிழித்தாற்போல் ஓடிற்று. பெரியதிலோ மேல்பாதி முறுக்கிக்கொண்டு கயிற்றை ஒருபக்கமாகத் தள்ளியது. பெரியதை என்னால் பாதிகூட இழுக்க முடியவில்லை. சிறியதைக் கன்னம்வரை இழுத்துக் கை நடுங்காமல் நிறுத்த முடிந்தது. கோடை விடுமுறையில் கடையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா தமிழாசிரியர்; "கயிறு" என்று சொன்னவர்களையெல்லாம் "அதற்கு நாண் என்று பெயர்" என்று திருத்திக்கொண்டேயிருந்தார். பக்கத்து மளிகைக்கடை காதர் பாய் எட்டிப் பார்த்து, "இன்னா பாப்பா, மாப்பிள்ள பாக்குற மாரி பாத்துகினுகீற?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, குழலை இன்னொருமுறை அசைத்துப் பார்த்தேன். பிறகு சிறியதை எடுத்துக்கொண்டேன்.

கொல்லையில் வைக்கோற்போரை நோக்கி இருட்டும்வரை எய்தேன். கடைசி அம்பு நான் நினைத்த இடத்திலேயே தைத்தது. விடிந்ததும் கொளவாய் ஏரிக்கரைக்குப் போய் நெடுந்தூரம் எய்து பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அன்று மாலை என் நெஞ்சில் வேறொன்றும் இல்லை.

அப்போதுதான் மாமல்லபுரத்திலிருந்து அத்தையும் அவள் மகன் தனசேகரனும் வந்தார்கள். அவனுக்குப் பதினைந்து வயது. இரவு தங்கிக் காலைப் பேருந்தில் திரும்புவதாக ஏற்பாடு. பெரிய வில்லை ஏன் விட்டாய் என்று கேட்டான். மேல்பாதி கோணல் என்று விளக்கினேன். அவன் அதை முகம் சிவக்க இழுத்துப் பார்த்துத் தோற்று, கீழே வைத்துவிட்டு, என் தந்தையிடம் திரும்பினான். "இது கோணலா கீது மாமா. அந்தச் சின்னதக் குடு. பொட்டப் புள்ளைக்கு வில்லு இன்னாத்துக்கு?"

கோணல் என்ற சொல்லைக்கூட அவன் என்னிடமிருந்துதான் எடுத்தான். என் பிற்பகல் முழுவதும் அவனுடைய ஒரு நொடியாயிற்று. தந்தை என் முகத்தைப் பார்த்தார், தம் தங்கையின் முகத்தைப் பார்த்தார், பிறகு வில்லை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினார். மெதுவாக வாங்கியதால் அது பறிப்பதாகாது என்று அவர் எண்ணியிருக்கக்கூடும்.

"மூஞ்ச ஏன் தூக்கி வெச்சினுகீற?" என்றாள் அத்தை. "நாளைக்கு இவனக் கட்டிக்கினு எங்க வூட்டுக்குத்தான வரப்போற. வில்லும் அங்கதான் கீது."

குழல் ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்து வில்லைத் தேர்ந்த எனக்கு, மாப்பிள்ளையை அசைத்துப் பார்க்கும் உரிமை இருக்கவில்லை. காதர் பாயின் கேலியில் இருந்த மரியாதைகூட என் வீட்டில் இல்லை. நான் அழவில்லை என்பதைக் குற்றமாகக் கண்ட பெரியப்பா தீர்ப்பு வழங்கினார்: "பொண்ணுக்கு வில் எதுக்கும்மா? நாண் இருந்தாப் போதும்." தம் சிலேடையை அவரே ரசித்து, நாண் என்றால் வெட்கம் என்றும் பொருளுண்டு என்று அத்தைக்கு விளக்கினார். அவளும் சிரித்தாள்.

ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன. இளமை நினைவுகள் இனிக்கும் என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும். எனக்கு இது இன்னும் எரிகிறது. கல்லூரியில் தமிழ் படிக்கிறேன்; பாடத்தில் நாண் என்ற சொல் வரும்போதெல்லாம் தோழிகள் குறிப்பெடுக்கிறார்கள், என் பேனா நின்றுவிடுகிறது. எங்கள் கடை இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை. கோணல் வில்லை வாங்குவாரில்லாமல் அது அடுப்பில் எரிந்தது. என் வில்லின் ஒரு பாதி அத்தை வீட்டு ஜன்னலுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது, மறுபாதியைக் காணவில்லை. தனசேகரன் அதற்கு வலைக்கயிற்றைக் கட்டிப் பார்த்தானாம், சணலைக் கட்டிப் பார்த்தானாம். எல்லாம் இழுத்த இழுப்புக்கு நெகிழ்ந்துபோயினவாம். அவன் கையில் அந்த வில் ஒருநாளும் ஓர் அம்பையும் விடவில்லை. அவனைக் கட்டிக்கொள்ளப்போவதில்லை என்று சென்ற தை மாதம் சொல்லிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பையைக் கட்டிக் கொடுக்கும் வேலையை என்னிடமே விட்டார்கள். வில்லைக் கழற்றினேன். இரு பாதிகளையும் எண்ணெய்த் துணியால் துடைத்துப் பையில் வைத்து, வாரை இறுக்கி, அத்தையின் கையில் கொடுத்தேன். நாணை மட்டும் சுருட்டி என் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டேன். அது இருந்தால் போதும் என்றுதானே சொல்லியிருந்தார்கள்.