அழிக்காமல் வைத்த பதிவு

எது பழுதானாலும் என் நாத்தனார் உடனே அதில் கை வைக்க மாட்டாள். முதலில் கேட்பாள்: "கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு? அதுக்கப்புறம் யாரு என்ன மாத்துனீங்க?" மிக்ஸி, தண்ணீர்க் குழாய், என் தையல் மெஷின், எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். ஒருமுறை அவள் அண்ணனுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, வயிற்றுவலி. கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு அவரிடமும் இதையே கேட்டாள்.

"நான் ஒண்ணும் மாத்தல. சமைச்சது நீ" என்றார் அவர்.

அவளுடைய வேலைக்கு மிடில்வேர் என்று பெயர். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஒரு பெரிய மருத்துவமனை. அங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கம்ப்யூட்டர் பேசுவது வார்டுகளில் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் புரியாது. ஒன்றிடமிருந்து வாங்கி, மாற்றி, வரிசை கலையாமல் மற்றதிடம் சேர்க்கிற மென்பொருளைப் பார்த்துக்கொள்வது இவள். நன்றாக ஓடும்போது நடுவில் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றுபோனால் எல்லாரும் அதைத்தான் கை காட்டுவார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. ஜன்னலோரம் அவள் மேஜை, எதிர்ச்சுவரில் என் தையல் மெஷின். அவள் பேச ஆரம்பித்தால் நான் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கையால் பொத்தான் தைப்பேன். நான் எட்டாவதோடு நின்றவள், அதிகம் கேள்வி கேட்கிறவளும் இல்லை. ஆனால் காதை மூடிக்கொள்ள முடியாதே. வரிசையில் முதலில் நிற்கிற ஒரு செய்தி கெட்டுப்போனால் பின்னால் இருப்பதெல்லாம் முடங்கும், அதை மட்டும் ஓரமாக எடுத்து வைக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். இரண்டு கம்ப்யூட்டர் சொல்கிற நேரத்தை ஒப்பிடுவதற்கு முன்னால், இரண்டின் கடிகாரமும் ஒன்றாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், எடுத்ததும் ரீஸ்டார்ட் செய்யக் கூடாது.

"ரீஸ்டார்ட் பண்ணா ஓடிரும் அண்ணி. ஆனா ஏன் நின்னுச்சுன்னு கேக்க ஆள் இருக்காது. சாட்சியைக் கொன்னுட்டு விசாரணை நடத்துற மாதிரி."

அவளோடு வேலை செய்கிற மூத்தவர் ஒருவருக்கு இந்தக் கட்சி ஆகாது. எதற்கும் "ஒரு ரீஸ்டார்ட் குடுத்துப் பாரு" என்பார். ஆபீஸில் அவருக்கு ரீஸ்டார்ட் மாமா என்று பெயர். அவருக்கும் அது தெரியும், கோபித்துக்கொண்டதில்லை. அந்த மாதம் இவர்கள் இருவரில் ஒருவருக்குக் குழுவின் தலைமைப் பொறுப்பு கிடைக்க வேண்டும். நாத்தனார் ஆசையை வாய்விட்டுச் சொல்லவில்லை. தனக்கொரு கோட் தைத்துத் தரும்படி மட்டும் என்னிடம் கேட்டாள்.

அப்போதுதான் ஒரு முற்பகலில் அவள் கம்ப்யூட்டரில் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. ஆபீஸிலிருந்து மாமாவும் அதில் சேர்ந்துகொண்டார். ஸ்பீக்கரில் போட்டாள்.

"ரிப்போர்ட் எதுவும் வார்டுக்கு வரலை. நர்ஸுங்க பேப்பரைத் தூக்கிட்டு மேலயும் கீழயும் ஓடுறாங்க. என்னம்மா பண்றீங்க?" என்றார் அங்கே இருக்கும் மேலாளர்.

"ஒரு ரீஸ்டார்ட்..." என்று மாமா ஆரம்பித்தார்.

"வேண்டாம் சார். பாத்துட்டுச் சொல்றேன். அதுவரை யாரும் எதையும் தொடாதீங்க."

பார்த்தாள். டிஸ்க் நிரம்பியிருந்தது. வருகிற செய்தியை வைக்க இடம் இல்லாததால் மென்பொருள் வாங்குவதையே நிறுத்திவிட்டது. நிரப்பியது லாக். மென்பொருள் தன் வேலையைத் தானே எழுதி வைக்கிற பதிவு அது. சாதாரணமாக முக்கியமானதை மட்டும் எழுதும். பழுது தேடும்போது அதை முழுசாகத் திறந்துவிட்டால் ஒவ்வொரு அசைவையும் எழுதும். தேடி முடித்ததும் மூடிவிட வேண்டும். யாரோ மூடவில்லை.

சாவிப்பலகை மேல் அவள் கை அப்படியே நின்றது. போன வாரம் காணாமல்போன ஒரு ரிப்போர்ட்டைத் தேடுவதற்காகத் திறந்தது அவள்தான்.

தன் பக்கத்து ஒலியை நிறுத்தினாள். உடனே செல்போன் அடித்தது. மாமா. அதையும் ஸ்பீக்கரில் போட்டாள்.

"நானும் பாத்துட்டேன்மா. லாக்கை அழி, ஓடிரும். எப்படியும் அதைத்தானே அழிக்கணும்? யாரு திறந்து விட்டாங்கன்னு எவன் தேடப்போறான்?"

"வேற யாராவது திறந்திருந்தா நான் தேடுவேனே சார்."

"உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

அழித்தால் ஓடிவிடும் என்று அவர் சொன்னதில் தப்பில்லை. பழுதைச் சரிசெய்வதும் தன் தடத்தை மறைப்பதும் அன்று ஒரே வேலையாக அமைந்துவிட்டன. நான் ஊசியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவள் அழிக்கவில்லை. லாக் எழுதுவதைக் குறைத்துவிட்டு, எழுதி வைத்திருந்ததை வேறொரு கம்ப்யூட்டருக்கு நகர்த்தினாள். அது நகர நகர டிஸ்க்கில் இடம் கிடைத்தது. பரிசோதனைக் கூடத்தில் தேங்கி நின்ற ரிப்போர்ட்டுகள் வரிசையாகப் போகத் தொடங்கின.

"வருது, வருது" என்றார் மேலாளர்.

நிறுத்திய ஒலியைத் திறந்து, "சார், இது என் தப்பு" என்றாள். "போன வாரம் பழுது தேட லாக்கைத் திறந்தேன், மூட மறந்துட்டேன். அதுதான் டிஸ்க்கை நிரப்பிடுச்சு. பதிவு பத்திரமா இருக்கு, உங்களுக்கு அனுப்புறேன்."

"இதுவரைக்கும் 'தப்பு எங்க பக்கம் இல்ல'ன்னுதான் எல்லாரும் சொல்லிக் கேட்டிருக்கேன்" என்றார் மேலாளர். பிறகு, "சரி, இனிமே ஆகாம இருக்க என்ன பண்ணப்போறீங்க?"

"திறந்தா கொஞ்ச நேரத்துல தானா மூடிக்கிற மாதிரி எழுதிடுறேன். டிஸ்க் நிரம்புறதுக்கு முன்னாடியே எச்சரிக்கை வர்ற மாதிரியும்."

சாயங்காலம் என் வீட்டுக்காரர் கேட்டார், "வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல? தானா வந்த சீதேவியைக் காலால எட்டி உதைச்சிட்டியே."

"நாளைக்கு வேற எடத்துல நின்னாலும் எங்களைத்தான் கேப்பாங்க. அன்னைக்கு நான் 'எங்க பக்கம் இல்ல'ன்னு சொன்னா நம்பணும்ல அண்ணா?"

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை வாயால் சொல்ல எனக்கு வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

தலைமைப் பொறுப்பு மாமாவுக்குப் போனது. இன்றும் அவரிடம்தான் இருக்கிறது. நாத்தனார் அவருக்குக் கீழே அதே வேலையைப் பார்க்கிறாள். மருத்துவமனையில் எது நின்றாலும் அந்த மேலாளர் முதலில் கூப்பிடுவது இவளைத்தான். இவள் பார்த்துவிட்டு "எங்க பக்கம் இல்ல சார்" என்றால், அவர் மறுபேச்சு இல்லாமல் அடுத்த பக்கத்தைப் பார்க்கப் போய்விடுகிறார்.