காலியாகத் திரும்பாத கூடை

வாரக் கூடை போடுகிறவர்களுக்கு முதலில் முகம் கெட்டியாக இருக்க வேண்டும், கை பலமெல்லாம் அப்புறம்தான். வீடு கேட்பது ஒன்று, செடி காய்ப்பது வேறொன்று. கோடையில் காய்கறித் தோட்டம் போட்டு விழி பிதுங்கியவர் யாராவது இதைப் படித்தால், நான் விளக்கவே வேண்டாம்.

எழுபதுகளின் கடைசியில் நானும் என் வீட்டுக்காரரும் திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டோரம் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தோம். விளைந்ததைப் பங்குபோட்டு, வாரம் ஒருநாள் வாடிக்கை வீடுகளுக்குக் கூடையில் கொண்டுபோய்க் கொடுப்பேன். இன்ன காய்தான் வேண்டும் என்று யாரும் கேட்கக் கூடாது, அதுதான் எங்கள் பேச்சு. நிலத்துக்காரர் கோவிந்தசாமியும் ஒரு பேச்சு வைத்திருந்தார். "இந்தக் கோடைய தாண்டிட்டீங்கன்னா நிலம் உங்க கையிலயே இருக்கட்டும். காஞ்சி போச்சுன்னா செங்கல் சூளைக்கு விட்டுடுவேன்." எங்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

சுரைக்காய் படுத்திய பாடு

அந்தச் சித்திரையில் கத்தரி முரண்டு பிடித்தது, வெண்டை பூவோடு நின்றது. சுரைக்கொடி மட்டும் பேய் பிடித்த மாதிரி காய்த்துத் தள்ளியது. வாராவாரம் சுரைக்காய்தான். சரோஜா டீச்சர் வீட்டு வாசலில் கூடையை இறக்கும்போது எனக்குக் கூச்சத்தில் தலை நிமிரவில்லை. டீச்சர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார், சிரித்தார்.

"போன வாரம் கூட்டு, அதுக்கு முன்னாடி அடை. இன்னிக்கு அல்வா கிண்டிப் பாக்கறேன் கமலாக்கா. நீங்க எதுக்குத் தலைய தொங்கப் போடறீங்க, நீங்களா காய்ச்சீங்க?"

முட்டை போன வீடு

எங்கள் பக்கத்தில் ஒருவர் கொடுத்தனுப்பிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள். கூடைக்கும் அதே மரியாதைதான். ஒருவர் வீட்டில் நாலு எலுமிச்சை இருக்கும், இன்னொருவர் வீட்டில் ஒரு பிடி கறிவேப்பிலை. ஜமீலா வீட்டுக்காரர் இரும்புக் கடை வைத்திருந்தார், ஜமீலா கொல்லையில் கோழி வளர்த்தாள். ஒரு வாரம் நான் அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவள், என் கூடையில் இருந்த வைக்கோலுக்கு அடியில் முட்டைகளைப் பொதித்துவிட்டாள். சொன்னாளாம், என் காதில்தான் விழவில்லை. அடுத்த வாரம் அதே வைக்கோலின் மேல் காயை அடுக்கி, கோயில் தெருவில் மங்களம் மாமி வீட்டுக் கூடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். வெங்காயம்கூட நாள் பார்த்து நுழையும் வீடு அது.

கூப்பிட்டனுப்பினார்கள். ஒரு வாடிக்கை போயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். மாமி கூடையை வாசல்படியில் கொண்டுவந்து வைத்திருந்தார். முட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஜாடி.

"ஒண்ணும் உடையலே, பத்திரமா எடுத்துண்டு போ. காயை அலம்பிண்டுட்டேன். கூடை இங்க வந்துட்டு வெறுமனே போகலாமா? இத வச்சுக் குடுத்தவா ஆத்துக்கு நார்த்தங்கா ஊறுகா வச்சிருக்கேன்."

வெறும் கூடை

வைகாசியில் எங்கள் கிணற்றில் தண்ணீர் போய்ச் சேறு தெரிந்தது. இலைகள் கருகத் தொடங்கின. கோவிந்தசாமி வரப்பில் நின்று கருகிய இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டுப் போனார், அதுதான் என்னை உலுக்கிவிட்டது. இந்த வாரம் காய் இல்லை என்று சொல்லிவிட்டு வர, வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஜமீலா வீட்டில் சொல்லும்போது அழுதேவிட்டேன். அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "அந்த ஊறுகா மாமி வீட்ல கிணறு இருக்குதா?" என்று கேட்டாள்.

மாமி வீட்டுக் கொல்லைக் கிணறு எந்தக் கோடைக்கும் வற்றாதது. மறுநாளே ஜமீலா வீட்டுக்காரர் கடையிலிருந்த தகரப் பீப்பாய்களை மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பினார். நான் கேட்டதுமே மாமி கொல்லைக் கதவைத் திறந்துவிட்டார், வண்டி பீப்பாய்களை நிரப்பிக்கொண்டு நிலத்துக்கு வந்தது. டீச்சரும் அவர் வீட்டுக்காரரும் சாயங்காலம் வந்து செடி செடியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். மழை வரும்வரை வண்டி நிற்கவில்லை. காய் வாங்குகிறவர்களிடம் நான் எதிர்பார்த்தது நல்ல வார்த்தை மட்டும்தான். மாமியிடம் நன்றி சொல்லப் போனபோது அவர் சலித்துக்கொண்டார்.

"கூடைதான் காலியா வரப்படாதுன்னா, பீப்பா மட்டும் காலியாப் போகலாமோ?"

சூளைக்குப் போகாத மண்

முதல் மழை பெய்த மறுநாள் கோவிந்தசாமி வந்தார். வெண்டை நிமிர்ந்து நின்றது, கத்தரி பூத்திருந்தது. வரப்பைச் சுற்றி வந்து மண்ணைச் செருப்பால் கிளறிப் பார்த்தார்.

"சூளைக்காரன வேற எடம் பாக்கச் சொல்லிட்டேன். எங்க வூட்டுக்கும் வாரம் ஒரு கூடை போட்டுடுங்கம்மா. சுரைக்காய் மட்டும் கொஞ்சம் கம்மியா."

ஆனாலும் எங்கள் பேச்சு எல்லாருக்கும் ஒன்றுதான் என்பதால், அவர் வீட்டுக்குப் போன முதல் கூடையில் பாதிக்கு மேல் சுரைக்காய்தான் இருந்தது.